உப்பைச் சோதிப்பது யார்?

ஒரு பொருள் நல்லதா கெட்டதா, அசலா போலியா என்று அறிந்துகொள்ள நம் ஜனங்கள் மூன்று வழிகளைக் கையாண்டு வருகிறார்கள். ஒன்று, சொன்னவர் யார் என்று பார்ப்பது. இரண்டு, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. மூன்று, பாட்டன் பூட்டன் காலத்தில் எப்படி இருந்தது என்று பார்ப்பது. இந்த மூன்று வழியிலும் சம்பந்தப்பட்ட பொருளை மாத்திரம் யாரும் விசாரிப்பதில்லை. பெரிய மனிதரை விசாரிக்கிறோம், கண்ணை விசாரிக்கிறோம், பழக்கத்தை விசாரிக்கிறோம். பொருளையே விசாரித்தால் அது பதில் சொல்லும் என்கிற எண்ணம் நமக்கு வருவதே இல்லை. பொருளை விசாரித்துப் பதில் வாங்குகின்ற காரியத்துக்குப் பெயர்தான் ரசாயனச் சோதனை என்பது.

இப்படிச் சொன்னவுடன், "அதெல்லாம் காலேஜில் படித்தவர்கள் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு செய்கிற வேலை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் காட்சிக்கும் ஆரத்தி கரைக்கிறார்களே, அது என்ன? மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டால் சிவந்து போகிறது. அதே சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிறது. காரம் இருக்கிறதா, புளிப்பு இருக்கிறதா என்று மஞ்சள் சாட்சி சொல்லுகிறது. இது அப்பட்டமான ரசாயனச் சோதனை. இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவிட்டு, திருஷ்டி கழிந்தது என்று தெருவில் ஊற்றிவிட்டுப் போகிறோம். காரணம் கேட்காததால், கையில் இருந்த சோதனை சடங்காகப் போயிற்று. கையில் மஞ்சளைப் பூசிக்கொண்டு வந்து, சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்து, இரத்தம் வருகிறது என்று காட்டிக் காசு பறிப்பவனும் இதே விஷயத்தைத்தான் உபயோகிக்கிறான். அவனுக்குக் காரணம் தெரியும், நமக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான். கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898 - 1978) ஊர் ஊராய்ச் சென்று இப்பேர்ப்பட்ட "அற்புதங்களின்" காரணத்தைக் காட்டிக்கொடுத்தது எதற்காக? வித்தையைக் கெடுப்பதற்காக அல்ல. ஜனங்கள் காரணம் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே.

நிற்க, இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அற்புதம் அல்ல. அதைவிட அற்பமானது, ஆனால் அதைவிட முக்கியமானது. அது உப்பு.

கடல் உப்பும் அயோடினும்

இராமநாதபுரம் ஜில்லாவில் சாயல்குடிக்குப் பக்கத்தில் மாரியூர் என்கிற கடற்கரைக் கிராமம் இருக்கிறது. மாரியூரிலும் வாலிநோக்கத்திலும் தமிழ்நாடு சர்க்காருக்குச் சொந்தமான உப்பளம் இருக்கிறது. இதை நடத்துகிற தமிழ்நாடு உப்புக் கழகம் 1974 இல் ஏற்பட்டது. மழை குறைந்து விளைச்சல் இல்லாத சீமையில் ஏழைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால், "டிகிரி" பார்க்காமல் உப்பு விளையாது என்று சொல்லுவார்கள். கண்ணாடிக் கருவி ஒன்றை உவர்நீரில் மிதக்கவிட்டு அதன் கனத்தை அளக்கிறார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற டிகிரி ஏறுகிறது. 25 டிகிரிக்கு வந்தால் உப்புப் பூக்கிறது. 29, 30 டிகிரிக்கு மேல் விட்டுவிட்டால் மெக்னீசிய உப்புகள் கூடிக்கொண்டு, உப்பு கசக்கும். காற்றில் நீர்விட்டுப் போகும். ஆதலால் அந்தக் கசப்பு நீரை அதற்கு முன்பே வடித்துவிடுகிறார்கள். நல்ல நாள் பார்த்துப் பாத்தியில் நீர் கட்டினாலும், கெட்ட நாள் பார்த்துக் கட்டினாலும், 25 டிகிரியில்தான் உப்பு பூக்கும். இந்த உண்மையை வெயிலில் நின்று தெரிந்துகொண்டவர்களுக்கு அளவு என்றால் என்னவென்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால், பாத்தியை விட்டு வெளியே வந்த உப்பு நம் வீட்டுக்கு வருகிறபோது, அளவு, சோதனை எல்லாம் எங்கே போகின்றன என்பதுதான் நமது கேள்வி.

உப்பில் அயோடின் கலக்க வேண்டும் என்பது சட்டம். 1962 இல் இந்திய சர்க்கார் கழலை நோயைத் தடுக்கத் திட்டம் போட்டது. 1998 இல் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று தடை போட்டார்கள். 2000 இல் அதை நீக்கினார்கள். 2006 மே மாதத்தில் மறுபடியும் போட்டார்கள். 2011 ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அந்தத் தடை இருக்கிறது. கடையில் விற்கிற உப்பில், பத்து இலட்சம் பங்கு உப்புக்கு 15 பங்குக்குக் குறையாமல், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல், அயோடின் இருக்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு பாடு? கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம்; கர்ப்பிணிக்கு 250. எழுபது வருஷம் உயிரோடு இருக்கிற ஒருவரின் மொத்தத் தேவையையும் கூட்டினால் 4 கிராம்கூட ஆகாது. இந்தச் சொற்பம் கிடைக்காவிட்டால் கழுத்து வீங்குகிறது. அது கண்ணுக்குத் தெரிகிற கெடுதல். கண்ணுக்குத் தெரியாத கெடுதல் இன்னும் கொடியது. தாய்க்கு அயோடின் இல்லாவிட்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குறைகிறது. பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாமல் உட்கார்ந்திருக்கும்போது, "இவன் தலையெழுத்து" என்று சொல்லிவிடுகிறோம். சில இடங்களில் "அந்த ஜாதிக்குப் படிப்பு வராது" என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் குறைந்ததை நெற்றியில் எழுதிய எழுத்து என்று சொல்லுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதுவும் யாரோ சொல்லி நாம் நம்பிய சங்கதி அல்ல. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் டாக்டர் இராமலிங்கசாமியும் அவருடைய தோழர்களும் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் கொடுத்தார்கள். சில வருஷங்களில் அயோடின் உப்புத் தின்ற இரண்டு பகுதியிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள்; அங்கேயும் குறைந்தது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு என்ன வேண்டும்?

சொல்லப்படும் ஆட்சேபணைகள்

"நாங்கள் கடலோரத்துக்காரர்கள், கடலில் இல்லாத அயோடினா? எங்கள் உப்பில் தானாகவே இருக்கும்" என்று நம் கரையில் பலரும் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம். அந்த அயோடின் ஒரு அணுவும் வீணாகாமல் அப்படியே உப்போடு தங்கினால்கூட, ஒரு கிலோ உப்புக்கு 2 மில்லிகிராம் வராது. சட்டம் கேட்பது 15. உண்மையில் அந்த இரண்டும் தங்குவதில்லை. கடலுக்குப் பக்கத்தில் பிறந்ததால் உப்புக்கு அயோடின் வந்துவிடும் என்பது, கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஞானம் வந்துவிடும் என்பதைப் போன்றதே. மீனில் அயோடின் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மீன் பிடிக்கிறவன் வீட்டிலேயே நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, மிச்சம்தான் சட்டிக்கு வருகிறது. தினமும் மீன் என்கிற கணக்கை வைத்துக்கொண்டு கர்ப்பிணியின் வயிற்றில் சூதாடக்கூடாது.

"உப்பில் போய் ரசாயனத்தைக் கலப்பதா? இயற்கையான கல்லுப்பே போதும்" என்பது மற்றொரு ஆட்சேபணை. கல்லுப்பு என்ன, ரசாயனம் இல்லையா? சோடியமும் குளோரினும் சேர்ந்ததுதானே உப்பு? குடிக்கிற தண்ணீரும் ரசாயனந்தான். கேட்க வேண்டிய கேள்வி "ரசாயனமா இல்லையா" என்பதல்ல. "எது, எவ்வளவு" என்பதே. ஒரு டன் உப்பில் 30 பங்கு அயோடின் வரும்படி கலப்பதற்கு வேண்டிய பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம். தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டு நடக்கட்டும். மற்றவர்கள் பயப்பட இதில் ஒன்றும் இல்லை.

"இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுகிறார்களே?" என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அபிப்பிராயம். 15 பங்கு அயோடின் உள்ள உப்பில் 10 கிராம் சாப்பிட்டால்தான் 150 மைக்ரோகிராம் கிடைக்கிறது. 5 கிராம் சாப்பிடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஆகவே உப்பைக் குறைக்கச் சொல்லுகிற காலத்தில், இருக்கிற உப்பில் அயோடின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முன்னிலும் அவசியமாகிறது. அளந்து பார்க்காதவர்களுக்கு இந்த இரண்டு யோசனையும் ஒன்றுக்கொன்று விரோதமாகத் தோன்றும். அளந்து பார்த்தால் விரோதம் இல்லை.

பையிலே எழுதியிருக்கிறதே!

ஒரு மளிகைக் கடையில் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுவோம்.

"அண்ணாச்சி, இந்த உப்பிலே அயோடின் இருக்கா?"

"பையிலேயே எழுதியிருக்கே தாயி."

"எழுதினது இருக்கட்டும். உள்ளே இருக்கா?"

"அதை நான் என்னத்தைக் கண்டேன்? கம்பெனிக்காரனைத்தான் கேக்கணும்."

இந்தத் தாய் கேட்டது சரியான கேள்வி. பையில் எழுதியிருப்பது ஒருவரின் வாக்கு. ஏட்டில் எழுதியிருப்பதால் உண்மை என்று நம்பாதே என்று சொல்லுகிற நாம், பையில் எழுதியிருப்பதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அச்சடித்தவன் யோக்கியனாகவே இருக்கலாம். ஆனால் அயோடின் நிலையாக உட்கார்ந்திருக்கிற சரக்கு அல்ல. ஈரம் பட்டால் குறையும், திறந்த சாக்கில் கிடந்தால் குறையும், வெயிலில் குறையும். அதனால்தான் கலக்கிற இடத்தில் கூடுதலாகக் கலக்கிறார்கள். ஆலையில் சரியாக இருந்த உப்பு, கடற்கரைக் காற்றில் கடை வாசலில் வாய் திறந்த மூட்டையில் மூன்று மாதம் கிடந்த பிறகு எப்படி இருக்கும் என்பதை ஆலையில் அச்சடித்த எழுத்து எப்படிச் சொல்லும்?

சோதனை எப்படி நடக்கிறது?

1811 இல் பிரான்சு தேசத்தில் பெர்னார் கூர்த்வா என்பவர், யுத்தத்துக்கு வெடியுப்பு காய்ச்சுவதற்காகக் கடற்பாசியின் சாம்பலைக் கரைத்துக்கொண்டிருந்தார். அதில் அமிலம் அதிகமாக விழுந்ததும் ஊதா நிறப் புகை கிளம்பியது. அதுதான் அயோடின். நம் இராமநாதபுரத்துக் கரையில் பெண்கள் இடுப்பளவு கடலில் இறங்கிப் பறித்து வருகிறார்களே, அந்தக் கடற்பாசியின் இனத்திலிருந்துதான் முதல் அயோடின் வந்தது. 1814 இல் வேறு இருவர், மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகிறது என்று கண்டார்கள். புண்ணுக்குப் போடுகிற டிங்சர் அயோடினை ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் இதை யாரும் பார்க்கலாம். பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வழிதான். பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு சொட்டு விட்டால், கலப்படம் இருந்தால் நீலம் காட்டிவிடும்.

ஆனால் கடையில் வாங்கிய உப்பின் மேல் வெறும் கஞ்சியை ஊற்றினால் நீலம் வராது. உடனே "அயோடின் இல்லை" என்று கூச்சல் போடக்கூடாது. உப்பில் இருப்பது தனி அயோடின் அல்ல. அயோடேட் என்கிற வேஷத்தில் இருக்கிறது. அந்த வேஷத்தைக் கலைக்க இரண்டு பொருள் வேண்டும்: பொட்டாசியம் அயோடைடும், கொஞ்சம் அமிலமும். அமிலத்தின் முன்னிலையில் அயோடேட்டும் அயோடைடும் சேர்ந்து அசல் அயோடினை வெளியே தள்ளுகின்றன. அது மாவுச்சத்தைப் பிடித்து நீலமாக்குகிறது. இந்த மூன்றையும் ஒரே சிறு குப்பியில் அடைத்து, ஒரு வண்ண அட்டையோடு சோதனைப் பெட்டியாக நம் சென்னையிலேயே செய்து, பல நாடுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சொட்டு மருந்து. ஒரு நிமிஷத்தில் பதில். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நீலம் தெரியும்.

இங்கேதான் பகுத்தறிவுக்காரன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சாமியாரைச் சந்தேகிக்கிற நாம் சோதனைக் குப்பியையும் சந்தேகிக்க வேண்டும். உப்பு உதிரியாக இருக்கச் சிலர் காரப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அந்தக் காரம் குப்பியிலுள்ள அமிலத்தைத் தின்றுவிட்டால், அயோடின் இருந்தும் நீலம் வராது. அதற்காகவே பெட்டியில் இரண்டாவது குப்பி ஒன்று இருக்கிறது. முதலில் நிறம் வராவிட்டால், புதிதாக ஒரு சிட்டிகை உப்பு எடுத்து, இந்த அமிலத்தை விட்டு, மறுபடியும் சோதிக்க வேண்டும். மருந்து பழையதாகிக் கெட்டும் போயிருக்கலாம். ஆதலால் சோதிக்கிறபோது, அயோடின் உண்டு என்று நிச்சயமாய்த் தெரிந்த உப்பையும், இல்லை என்று தெரிந்த உப்பையும் பக்கத்தில் வைத்துச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். முன்னது நீலமாகி, பின்னது வெள்ளையாகவே இருந்தால்தான் மருந்து யோக்கியமானது. சாட்சியைச் சோதித்துவிட்டுத்தான் சாட்சியத்தை ஏற்க வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சொட்டு "உண்டு, இல்லை" என்பதைத்தான் நம்பகமாகச் சொல்லும். "எவ்வளவு" என்று சொல்லாது. நீலம் அதிகமா குறைவா என்று கண் மதிப்பில் அளவு சொன்னால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும். இதைப் பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தே கண்டிருக்கிறார்கள். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தரம் பார்த்தல் என்கிற முறை இருக்கிறது. 10 கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, அமிலமும் அயோடைடும் சேர்த்து, பத்து நிமிஷம் இருட்டில் வைத்தால், வெளிவந்த அயோடின் மஞ்சளாகத் தெரியும். போட்டோ கழுவுகிறவர்கள் ஹைப்போ என்று சொல்லுகிற சோடியம் தயோசல்பேட்டை, 0.005 நார்மல் என்கிற அளவில் கரைத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மஞ்சள் வெளிறியதும் மாவுச்சத்தைச் சேர்த்தால் நீலமாகும். பிறகு எந்தச் சொட்டில் நீலம் மறைகிறதோ அந்தச் சொட்டோடு நிறுத்தி, செலவான மில்லிலிட்டரை 10.58 ஆல் பெருக்கினால், அதுதான் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் அயோடின். 1.4 மில்லி செலவானால் ஏறக்குறைய 15, 2.8 மில்லி செலவானால் ஏறக்குறைய 30. தராசில் படிக்கல் போட்டு நிறுப்பதுபோல, தெரிந்ததைக் கொண்டு தெரியாததை நிறுக்கிறோம். இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை.

சோதனையால் பிழைத்தவர்களும் சோதிக்காமல் மாண்டவர்களும்

சோதனை என்றால் குற்றவாளியைப் பிடிப்பது மாத்திரம் என்று நினைக்கிறார்கள். குற்றமற்றவனை விடுவிப்பதும் சோதனைதான். 2018 இல் கேரளத்தில் பார்மலின் தடவிய மீனைப் பிடித்தார்கள். உடனே "தமிழ்நாட்டு மீனே விஷம்" என்கிற பேச்சுக் கிளம்பியது. காலையில் பிடித்து மாலையில் கரை சேர்த்த மீனவனும் அந்தப் பேச்சில் அடிபட்டான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார் அதே வருஷத்தில் மீனில் தேய்த்துப் பார்க்கிற காகிதச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காகிதம் ஏலக் கூடத்தில் இருந்தால் வதந்திக்கு அங்கே என்ன வேலை? யோக்கியமான மீனவனுக்கு அதைவிட நல்ல வக்கீல் யார்?

போலிச் சோதனையை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். சாராயத்தைக் கொளுத்தினால் நீலமாக எரிகிறதா என்று பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, நாக்கில் வைத்துப் பார்ப்பது ஆகிய இவையெல்லாம் சோதனை என்று நம்பப்படுகின்றன. மெத்தனால் என்கிற விஷச் சாராயமும் நீலமாகத்தான் எரியும். நாக்குக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. 2023 மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு ஜில்லாக்களிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து ஜனங்கள் மாண்டார்கள். கள்ளக்குறிச்சியில் மாத்திரம் அறுபதுக்கு மேல். மாண்டவர்கள் கூலிக்காரர்கள். மெத்தனாலை வேறு பிரித்துக் காட்டுகிற சோதனைகள் சர்க்கார் கூடத்தில் இருந்தன. ஆனால் பிணம் விழுந்த பிறகே அந்தச் சோதனைகள் நடந்தன.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1982 இல் குவாலியரில் மஞ்சா முதலிய மூவர், குடிதண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று காட்டுகிற ஒரு எளிய குப்பியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீரை அதில் ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், அசுத்தமிருந்தால் கறுத்துவிடும். அந்தக் குப்பி, தண்ணீர் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மொண்டவர் யார் என்று கேட்பதில்லை. தீர்த்தம் என்று பெயர் வைத்ததால் கறுக்காமல் இருப்பதுமில்லை; சேரிக் கிணறு என்று பெயர் வைத்ததால் கறுத்துவிடுவதுமில்லை. ஆயிரக்கணக்கான வருஷமாக "தீட்டு" என்று சொல்லி மனிதனைக் கிணற்றடியிலிருந்து விரட்டினார்களே, அந்தத் தீட்டைக் காட்டுகிற ஒரு சொட்டு மருந்தை உலகத்தில் எந்த ரசாயனக்காரனாவது கண்டதுண்டா? எத்தனை சொட்டு விட்டாலும் நிறம் மாறாத சரக்கு அது ஒன்றுதான். ஏனென்றால் அது தண்ணீரில் இல்லை. சொல்லுகிறவன் புத்தியில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு அய்ந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பழக்கிப் பெட்டி கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல ஏற்பாடு. கழலை மிகுந்த ஜில்லாக்களில் ஆஷா ஊழியர்கள் மாதம் 50 உப்பு மாதிரிகளைச் சோதிக்க 25 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் வைத்தார்கள். மாதிரி ஒன்றுக்கு அரை ரூபாய்! ஏழைப் பிள்ளையின் மூளைக்கு நம் நாடு போட்டிருக்கிற மதிப்பு அரை ரூபாய்தானா என்று நாம் கேட்கிறோம்.

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். முதலாவது, ஒவ்வொரு ரேஷன் கடையிலும் உப்புச் சோதனைக் குப்பி இருக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்டால் அவர் கண்முன்னே சொட்டு விட்டுக் காட்ட வேண்டும். இரண்டாவது, உயர்நிலைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தங்கள் வீட்டு உப்பைக் கொண்டுவந்து தரம் பார்க்க வேண்டும். பெயரில்லாத ஏதோ ஒரு திரவத்தைத் தரம் பார்த்து மார்க்கு வாங்குவதைவிட, அம்மா குழம்பில் போடுகிற உப்பை அளந்து பார்ப்பது பெரிய படிப்பு. மூன்றாவது, முடிவைக் கிராம சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்து, பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட வேண்டும். உப்பு விளைகிற மாரியூர், வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்தே இதைத் தொடங்கினால் அது பொருத்தமாயிருக்கும். உப்பு வாருகிற கைகளுக்கு அதைச் சோதிக்கிற உரிமையும் வேண்டாமா?

சர்க்கார் செய்கிறவரை சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. 2006 ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40 ஆவது பிரிவு, வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்று சொல்லுகிறது. சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு விரோதமாயிருந்தால் கட்டின பணம் திரும்பக் கிடைக்கும். மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு தடவை இந்த உரிமையை உபயோகித்தால், அந்த ஊருக்கு வருகிற உப்பு மூட்டை மறுதடவை ஜாக்கிரதையாக வரும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. உப்பை மூடிபோட்ட ஜாடியில் வைக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. ஈரக் கையை விடக்கூடாது. கல்லுப்பைக் கழுவி உபயோகிக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வாங்குவதைச் சிறு பையாகவும் புதியதாகவும் வாங்க வேண்டும்.

1832 இல் இங்கிலாந்தில் ஒரு விஷக் கொலை வழக்கு நடந்தது. காப்பியில் வெள்ளைப் பாஷாணம் இருந்ததை ரசாயனக்காரர் ஜேம்ஸ் மார்ஷ் கண்டுபிடித்தார். ஆனால் ஜூரிகளுக்குக் காட்டுவதற்குள் சோதனையில் வந்த நிறம் கெட்டுப்போயிற்று. நம்ப மாட்டோம் என்று ஜூரிகள் குற்றவாளியை விட்டுவிட்டார்கள். மார்ஷ் அவர்களைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1836 இல், கண்ணாடியில் கரும்படலமாகப் படிந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியான புதிய சோதனையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதற்குப் பிறகு பாஷாணம் வைத்துவிட்டுத் தப்புவது சுலபமில்லாமல் போயிற்று. "நான் படித்தவன், நான் சொல்லுகிறேன், நம்பு" என்று அவர் சொல்லவில்லை. "நீயே பார்" என்று சொன்னார்.

தோழர்களே! நாமும் நம்பு என்று சொல்லவில்லை. இங்கே எழுதியதையும் நம்ப வேண்டாம். ஒரு குப்பியை வாங்கி, உங்கள் அடுப்பங்கரை ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலமானால் சந்தோஷம். ஆகாவிட்டால், இரண்டாவது குப்பியையும் விட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கேளுங்கள்.